எரிந்த மரத்துக்கு வந்த நஷ்ட ஈட்டில் பள்ளிக்கும் சாலைக்கும் பங்கு வேண்டாமா?

மலையோர ராஜி

வடக்கு கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலை முடியும் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். பள்ளியில் ஆசிரியை வேலை. இந்த மாநிலத்தில் அடுத்த கல்வியாண்டுக்கு ஆள் குறைப்பதாக இருந்தால் மார்ச் 15க்குள் முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம். போன வருடம் எங்கள் பள்ளியில் மூன்று பேருக்கு அந்தக் கடிதம் வந்தது. எனக்கும் ஒன்று. மே மாதம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆனால் எங்கள் இசை ஆசிரியர் அதுவரை காத்திருக்கவில்லை, வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். இன்று வரை அந்த அறை பூட்டித்தான் கிடக்கிறது.

காசு ஏன் இல்லை என்று தேடப் போனபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் சுற்றுவட்டாரக் கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பாதி நிலத்துக்கு மேல் தேசிய வனம். அருகிலுள்ள பிளூமாஸ் கவுண்டியில் ஏறக்குறைய முக்கால் பங்கு. மத்திய அரசின் நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. அதற்கு ஈடாகத்தான் 1908ல் ஒரு சட்டம் போட்டார்கள்: தேசிய வனத்திலிருந்து வரும் வருமானத்தில் 25 சதவீதம், அந்தக் கவுண்டியின் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும். மரம் வெட்டி விற்றால் கால் பங்கு நமக்கு. எளிமையான ஏற்பாடு.

இப்போது தீக்கு வருவோம். 2000 ஆகஸ்டில் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஸ்டோரி தீ. ரயில் பாதைப் பழுதுபார்ப்பு வேலையில் கிளம்பியது. பிளூமாஸ், லாசன் என்று இரண்டு தேசிய வனங்களில் 50,000 ஏக்கருக்கு மேல் போனது. 2008ல் யூனியன் பசிபிக் ரயில்வே 10.2 கோடி டாலர் கொடுத்து அரசோடு சமரசம் செய்துகொண்டது. 2007 செப்டம்பரில் மூன்லைட் தீ, சுமார் 65,000 ஏக்கர். புல்டோசர் பாறையில் உரசிய பொறி என்பது அரசு தரப்பு வாதம். சியரா பசிபிக் என்ற மர நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனாலும் 2012ல் அந்த நிறுவனமும் மற்ற பிரதிவாதிகளும் சேர்ந்து 5.5 கோடி டாலரும் 22,500 ஏக்கர் நிலமும் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

இந்த நஷ்ட ஈட்டில் எரிந்துபோன மரத்தின் விலையும் அடக்கம். அந்த மரம் எரியாமல் விற்பனைக்குப் போயிருந்தால் கால் பங்கு பள்ளிக்கும் சாலைக்கும் வந்திருக்கும். எரிந்து, அதற்கான விலையை வேறொருவர் கட்டினால், ஒரு காசும் வராது. இது சரியா? எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம் குமரன்

அக்கா, அடிப்படையான ஒரு சந்தேகம். பள்ளிக்கூடத்துக்கும் மரம் வெட்டுவதற்கும் எதற்கு முடிச்சுப் போட்டார்கள்? மாநில அரசு பணம் தராதா?

கணக்கர் வேலு

குமரன், மாநில அரசும் தருகிறது. ஆனால் அமெரிக்காவில் உள்ளூர்ச் செலவுகளுக்கு முதுகெலும்பு சொத்து வரிதான். நான் சாக்ரமெண்டோவில் உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கையில் இருக்கிறேன், தினமும் பார்ப்பது இதைத்தான். தனியார் காடாக இருந்தால் நிலத்துக்கு வரி வரும், மரம் வெட்டும்போது அதன் மதிப்பில் 2.9 சதவீத வெட்டுமர வரியும் வரும். தேசிய வனத்தில் இரண்டும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு மாநிலங்களில் பெரும் பரப்பைத் தேசிய வனமாக ஒதுக்கியபோது, "எங்கள் வரி வருமானத்துக்கு வேலி போட்டுவிட்டீர்களே" என்று உள்ளூரில் ஒரே கூச்சல். முதலில் 10 சதவீதம் என்றார்கள், 1908ல் அது 25 ஆனது.

கலிஃபோர்னியாவில் அந்தப் பணம் பள்ளிக்குப் பாதி, சாலைக்குப் பாதி.

ராஜி அக்கா கேட்டதற்கு வருகிறேன். 1908 சட்டத்தின் வாசகம் ஒவ்வொரு வனத்திலிருந்தும் "பெறப்பட்ட பணம்" என்று பேசுகிறது. நஷ்ட ஈடு அதில் சேராது என்பதுதான் நடைமுறை. காரணம், 1958ல் வந்த இன்னொரு சட்டம். வன நிலத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்காகத் தீர்ப்பிலோ சமரசத்திலோ வரும் தொகை, அந்தச் சேதத்தைச் சீர்செய்யவும் நிலத்தைப் பாதுகாக்கவும் வனத்துறையிடம் போக வேண்டும் என்கிறது அது. ஆக, பணம் வந்த வழியை வைத்துப் பெயர் மாறிவிடுகிறது. விற்றால் வருமானம், எரிந்தால் சீரமைப்பு நிதி.

நாற்றங்கால்

அந்த 1958 சட்டம் சரியாகத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். நான் கன்று நடும் ஒப்பந்த வேலையில் பதினைந்து வருடம் இருந்தவன். தீ போன மலைச்சரிவை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்மண் தண்ணீரை உள்ளே வாங்காது, மழை பெய்தால் சாம்பலோடு வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டு மூன்று வருடத்தில் மன்சனீட்டா புதர் ஆள் உயரத்துக்கு மூடிக்கொள்ளும். அப்புறம் பைன் கன்று வைக்க வேண்டுமென்றால் முதலில் புதரை வெட்ட வேண்டும், கன்று வைத்த பின்னும் இரண்டு தடவையாவது களை எடுக்க வேண்டும். விதை மரமே மிஞ்சாத இடத்தில் காடு தானாகத் திரும்பி வராது.

நாடு முழுக்க தேசிய வனங்களில் சுமார் 40 லட்சம் ஏக்கர் மறுநடவுக்குக் காத்திருக்கிறது. வருடத்துக்கு 3 கோடி டாலர் என்று பல காலமாக இருந்த நடவு நிதி உச்சவரம்பை 2021ல்தான் எடுத்தார்கள். இந்த நிலையில் தீ நஷ்ட ஈட்டில் கால் பங்கை வெளியே எடுத்தால், அடுத்த தலைமுறைக்கு வெட்ட மரமே இருக்காது. பிறகு எந்தக் கால் பங்கைக் கேட்பீர்கள்?

பள்ளிக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை ராஜி. என் பெண்ணும் அப்படிப்பட்ட ஒரு மலையூர்ப் பள்ளியில்தான் படித்தாள். ஆனால் இந்தப் பானையிலிருந்து எடுக்கக் கூடாது.

மலையோர ராஜி

நாற்றங்கால் அண்ணா, நீங்கள் சொல்வது வலிக்கிற உண்மை. ஆனால் நான் முழுத் தொகையில் கேட்கவில்லை. மரத்தின் விலை என்று எவ்வளவு வருகிறதோ, அதில் மட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு மரம், நின்றபடி 1,000 டாலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். அதை விற்றிருந்தால் எங்களுக்கு 250. தீ வந்துவிட்டது, கருகிய மரத்தை 200 டாலருக்கு விற்றார்கள். அந்த விற்பனையில் கால் பங்கு, 50 டாலர், எங்கள் கணக்கில் சேரும். மீதி 800 டாலர் நஷ்டத்தைத் தீ வைத்த நிறுவனம் கட்டுகிறது. அதில் எங்களுக்குப் பூஜ்யம். ஒரே மரம், அதே 1,000 டாலரும் அரசுக்கு வந்துவிட்டது. எங்கள் பங்கு மட்டும் 250லிருந்து 50 ஆகிவிட்டது. மரத்தை இழந்தது அரசும் நாங்களும் சேர்ந்து. ஈடு வாங்கிக்கொள்வது மட்டும் ஏன் அரசு தனியாக?

நாற்றங்கால்

அந்த 200 டாலரும் உடனே விற்றால்தான். தீயில் செத்த பொண்டரோசா பைன் ஒரு வருடத்துக்குள் நீலம் பாய்ந்துவிடும், பூஞ்சை. அதற்குள் வண்டும் துளைத்திருக்கும். சூழல் ஆய்வு, வழக்கு என்று இரண்டு வருடம் இழுத்தால் விறகு விலைகூடத் தேறாது. அதனால் உங்கள் கணக்கில் 50 என்பது பல இடங்களில் 10 ஆகவும் இருக்கலாம். இதை உங்கள் பக்கத்துக்குச் சாதகமாகவே சொல்கிறேன்.

சட்டம் மீனா

ராஜி, உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை. சமரசத் தொகை பெரும்பாலும் மொத்தமாக வரும். இவ்வளவு மரத்துக்கு, இவ்வளவு தீயணைப்புச் செலவுக்கு, இவ்வளவு மறுநடவுக்கு என்று பிரித்து எழுதியிருக்க மாட்டார்கள். ஸ்டோரி வழக்கில் நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்துக்கு இடம் கொடுத்தது: மர விலையோடு நிற்காமல், மண், விலங்குகளின் வாழிடம், காட்சியழகு, மக்களின் பொழுதுபோக்கு இழப்பு எல்லாவற்றுக்கும் அரசு நஷ்ட ஈடு கேட்கலாம் என்று. அந்த முடிவுக்குப் பிறகுதான் தொகை 10.2 கோடிக்குப் போனது. ஆக மரம் என்பது அந்தப் பொட்டலத்தில் ஒரு பகுதிதான். சட்டம் கொண்டுவருவதாக இருந்தால் "சமரச ஒப்பந்தத்தில் மர இழப்பைத் தனியாகக் குறிக்க வேண்டும்" என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கவுண்டியும் வனத்துறையும் சதவீதத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தீர்ப்புத் தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. 2017ல் ஓரிகனில் கொலம்பியா பள்ளத்தாக்கில் ஈகிள் க்ரீக் தீ. பட்டாசு கொளுத்திப் போட்ட சிறுவனுக்கு 3.66 கோடி டாலர் கட்டச் சொல்லி உத்தரவு. அதைத் தவணையில் கட்டலாம் என்றார்கள். ஒரு பையன் வாழ்நாள் முழுக்கக் கட்டினாலும் எவ்வளவு தேறும்? எனவே சட்டம் "வசூலான தொகையில்" என்றுதான் இருக்க வேண்டும்.

யூஜீன் சித்ரா

ஓரிகனிலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு நடக்கும்.

1980களின் கடைசியில் தேசிய வனங்களில் வருடத்துக்குச் சுமார் 1,200 கோடி போர்டு அடி (மரத்தை அளக்கும் அலகு) வெட்டினார்கள். 1990ல் புள்ளி ஆந்தையை அழியும் அபாயமுள்ள இனப் பட்டியலில் சேர்த்தார்கள், 1994ல் வெட்டைக் கட்டுப்படுத்தும் வடமேற்கு வனத் திட்டம் வந்தது. 2000ஐ ஒட்டி வெட்டு பழைய அளவில் கால் பங்குகூட இல்லை. கால் பங்கு வருமானத்தில் வாழ்ந்த கவுண்டிகள் தரைக்கு வந்துவிட்டன. அதற்காகத்தான் 2000ல் ரான் வைடன், லாரி கிரெய்க் என்ற இரண்டு செனட்டர்கள், ஆளுக்கொரு கட்சி, சேர்ந்து கிராமப்புறப் பள்ளிப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மரம் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஒரு கணக்குப்படி கருவூலத்திலிருந்து பணம்.

நல்ல சட்டம்தான். ஆனால் நிரந்தரமில்லை. ஒவ்வொரு தடவையும் காலாவதியாகும், கவுண்டிகள் வாஷிங்டனுக்கு நடக்கும், கடைசி நேரத்தில் நீட்டிப்பார்கள். இங்கே 18 கவுண்டிகளில் ஓ அண்ட் சி நிலம் என்று ஒரு தனி ரகம் உண்டு, பழைய ரயில்வே நிலம். 1937 சட்டப்படி அதன் மர வருமானத்தில் பாதி கவுண்டிக்கு. போலீஸ் சம்பளம் வரை அந்தப் பணத்தில்தான். 2012ல் பணம் நின்றபோது ஜோசஃபின் கவுண்டியில் ஷெரீஃப் அலுவலகத்தில் பெரும்பாலான டெபுடிகளுக்கு வேலை போனது, சிறையிலிருந்து கைதிகளை விடுவித்தார்கள். அங்கே அப்போது என் அத்தை தனியாக இருந்தார். இரவில் அழைத்தால் வர ஆள் இல்லை என்று வாசலில் இரண்டு விளக்கு போட்டுத் தூங்குவார்.

2023 முடிவில் இந்தச் சட்டம் மறுபடி காலாவதியாகி, 2025ல் பழைய 1908 கணக்குப்படி சொற்பம் வந்தது. ராஜிக்கு வந்த கடிதத்தின் வேர் அங்கே இருக்கலாம். 2025 டிசம்பரில்தான் திரும்ப உயிர் கொடுத்தார்கள்.

என் அச்சத்தைச் சொல்கிறேன். பள்ளியின் சம்பளத்தை மரத்திலிருந்து பிரித்தெடுக்கவே இருபத்தைந்து வருடம் போராடினோம். இப்போது அதைத் தீயோடு கட்டப் போகிறோமா?

மலையோர ராஜி

சித்ரா, தீ வந்தால் பள்ளிக்கு லாபம் என்று ஆகிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. பிறகு யோசித்தேன். தீயில் எங்களுக்கு எங்கே லாபம்? 2021ல் டிக்சி தீ 9.6 லட்சம் ஏக்கரை எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 4ஆம் தேதி கிரீன்வில் ஊரின் கடைத்தெரு ஒரே மாலையில் இல்லாமல் போனது. வீடு போனவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள், அவர்கள் பிள்ளைகளும் போனார்கள், பிள்ளைகளின் தலைக்கணக்கில் வரும் மாநில உதவியும் குறைந்தது. கால் பங்கு வந்தாலும் அந்தக் குழி நிரம்பாது.

சாலையைப் பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டிக்சிக்கு அடுத்த மழைக்காலத்தில் நான் பள்ளிக்குப் போகும் கவுண்டி சாலையில் ஒரு கல்வெர்ட், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய், அடைத்துக்கொண்டது. மூன்றடிக் குழாய். எரிந்த கிளையும் கரிக்கட்டையும் வாயில் சிக்கி, மேலே கரும்புச் சாறு நிறத்தில் தண்ணீர் சாலையைத் தாண்டி ஓடியது. பள்ளிப் பேருந்து அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஓட்டுநர் அம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி, சின்னப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இடுப்பில் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்தார். பதினோரு பேர். நான் இந்தப் பக்கம் நின்று வாங்கி என் காரில் ஏற்றினேன். கடைசிப் பையன் தன் மதிய உணவுப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான், நனையக் கூடாதாம்.

அந்தக் குழாயை மாற்ற எட்டு மாதம் ஆனது. அதற்குள் கருகிய மரம் ஏற்றிய லாரிகள் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது அதே சாலையில். மரப்பட்டை உதிர்ந்து ஓரமெல்லாம் கரி, தார் இரண்டு பக்கமும் விண்டுவிட்டது. காடு வனத்துறையுடையது. சாலை கவுண்டியுடையது. நஷ்ட ஈடு காட்டுக்கு மட்டும் வருகிறது.

நாற்றங்கால்

சாலையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கன்று ஏற்றிப் போகும் வண்டியும் அந்தச் சாலையில்தான் போக வேண்டும்.

கணக்கர் வேலு

சித்ராவின் கேள்விக்கு ஒரு கணக்கரின் பதில். பயப்பட வேண்டியது தீக்கு ஆசைப்படுவதைப் பற்றி அல்ல, நிலையில்லாத வருமானத்தைப் பற்றி. எல்லாத் தீக்கும் பிரதிவாதி கிடையாது. 2020 ஆகஸ்டில் இதே பிளூமாஸ் வனத்தில் நார்த் காம்ப்ளெக்ஸ் தீ மின்னலால் வந்தது, மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல். மின்னலிடம் யார் வழக்குப் போடுவது? அடுத்த வருடம் டிக்சி, மின்கம்பியில் மரம் பட்டு வந்தது. பக்கத்துப் பக்கத்து மலை. ஒன்றுக்குப் பொறுப்பாளி உண்டு, ஒன்றுக்கு இல்லை. இந்தப் பணத்தை நம்பி நிரந்தரச் சம்பளம் போட முடியாது.

ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. 2008 திருத்தத்துக்குப் பிறகு 25 சதவீதத்தை ஏழு வருடச் சராசரியில் கணக்கிடுகிறார்கள். மூன்லைட்டின் 5.5 கோடியையும் முழுசாக மரம் என்றே வைத்துக்கொண்டாலும் (அது உச்ச அளவு, மீனா சொன்னபடி உண்மையில் குறையும்) கால் பங்கு 1.375 கோடி. ஏழால் வகுத்தால் வருடத்துக்கு 19.6 லட்சம் டாலர். அதையும் வனம் பரவியுள்ள கவுண்டிகள் ஏக்கர் கணக்கில் பிரித்துக்கொள்ள வேண்டும். பிளூமாஸ் வனம் மட்டுமே ஐந்து கவுண்டிகளில் கிடக்கிறது. பெரிய புதையல் ஒன்றும் இல்லை. ஆனால் கல்வெர்ட் மாற்றலாம், பேருந்து வாங்கலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கிராமப்புறப் பள்ளிச் சட்டப்படி பணம் வாங்கும் கவுண்டிக்கு 25 சதவீதக் கணக்கு அந்தக் காலத்துக்குப் பொருந்தாது, இரண்டில் ஒன்றுதான். அதனால் நஷ்ட ஈட்டையும் "வருமானம்" என்று சேர்த்துவிட்டால் போதாது. இரண்டுக்கும் வெளியே, தனிப் பங்காக எழுத வேண்டும். மத்திய நிலத்துக்கு வரிக்குப் பதிலாக 1976லிருந்து தரும் உதவித்தொகையில் முந்தைய வருட வன வரவைக் கழிக்கும் முறையும் இருக்கிறது. பார்த்து எழுதாவிட்டால் ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் பிடுங்கிக்கொள்வார்கள்.

சேலம் குமரன்

அந்த 22,500 ஏக்கர் என்ன ஆகும்? அது கவுண்டிக்கு நல்லதுதானே?

கணக்கர் வேலு

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி அது தம்பி. தனியார் நிலமாக இருந்தவரை சொத்து வரி, வெட்டுமர வரி இரண்டும் வந்துகொண்டிருக்கும். மத்திய அரசின் கைக்குப் போன நாளிலிருந்து அந்த ஏக்கர்கள் வரிப் பட்டியலை விட்டு வெளியே. எரிந்த மரத்துக்கு ஈடாக வந்த நிலத்தால் கவுண்டியின் வருமானம் இன்னும் குறைகிறது. வெந்த புண்ணில் வேல்.

யூஜீன் சித்ரா

இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். பள்ளி தீயை நம்பி வாழக் கூடாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் இது வாழ்வாதாரம் என்பதைவிட இழப்பைத் திருப்பிக் கொடுப்பது. தனிப் பங்காக, ஒரு தடவைச் செலவுக்கு மட்டும் என்று வைத்தால் நானும் கையெழுத்துப் போடுவேன். இன்னொரு விஷயம்: ஓரிகனில் வனப் பணத்தில் முக்கால் பங்கு சாலைக்கு, கால் பங்குதான் பள்ளிக்கு. அந்தக் கால் பங்கையும் மாநிலம் எல்லாப் பள்ளிகளுக்கும் சமமாகப் பிரிக்கும் தன் கணக்கில் சேர்த்துவிடுவதால், வனத்தை ஒட்டிய பள்ளிக்குத் தனியாக ஒன்றும் தெரிவதில்லை. பணம் எந்தக் கதவு வரை போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

நாற்றங்கால்

என் நிபந்தனை ஒன்று. முதலில் தீயணைப்புச் செலவும் மறுநடவுச் செலவும் தனியாக ஒதுக்கப்பட வேண்டும். மர விலை என்று நிற்பதில் மட்டும் கால் பங்கு. அப்படியானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2017 தாமஸ் தீக்காகத் தெற்கு கலிஃபோர்னியாவில் எடிசன் மின் நிறுவனம் 2024ல் 8 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பக்கம் புதர்க்காடு அதிகம், விற்கும் மரம் குறைவு. அங்கே கால் பங்கு என்று மொத்தத்தில் கேட்டால் அது மலைக்குச் செய்கிற அநியாயம்.

இதே பிளூமாஸ் கவுண்டியில் உள்ள குவின்சி ஊரில் 1993ல் மரம் வெட்டுகிறவர்களும் சூழலியல்காரர்களும் கவுண்டி சூப்பர்வைசரும் (கவுண்டியை நடத்தும் மன்றத்தின் உறுப்பினர்) ஊர் நூலகத்தில் உட்கார்ந்து பேசினார்கள். நூலகத்தில் யாரும் கத்த முடியாது என்பதால் அந்த இடமாம். அவர்கள் போட்ட திட்டம் 1998ல் சட்டமாகவே ஆனது. உங்கள் ஊரிலும் நூலகம் இருக்கும்.

மலையோர ராஜி

எல்லோருக்கும் நன்றி. அடுத்த செவ்வாய்க்கிழமை கவுண்டி சூப்பர்வைசர்கள் கூட்டம். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருவார்கள். எழுதி வைத்திருப்பது இது:

"தேசிய வனத்தில் மனிதரால் ஏற்பட்ட தீக்காக அரசு வசூலிக்கும் நஷ்ட ஈட்டில், மறுநடவுக்கும் தீயணைப்புக்கும் உரியது போக, மர இழப்புக்காக வந்த பகுதியைச் சமரசப் பத்திரத்திலேயே தனியாகக் குறிக்க வேண்டும். அதில் 25 சதவீதம், வேறு எந்த உதவியிலும் கழிக்காமல், தீ போன கவுண்டியின் பள்ளிக்கும் சாலைக்கும் நேரடியாகச் சேர வேண்டும். இதற்கான சட்டத்தைக் காங்கிரஸிடம் கேட்டுக் கவுண்டி தீர்மானம் போட வேண்டும்."

கல்வெர்ட் கதையையும் சொல்லலாமா, நேரம் போதுமா என்று தெரியவில்லை. ஓட்டுநர் அம்மாவும் உடன் வருகிறேன் என்றிருக்கிறார்.

சட்டம் மீனா

அவர் சொல்லட்டும், உங்கள் மூன்று நிமிடம் தனி, அவருடைய மூன்று நிமிடம் தனி. வாசகத்தில் ஒரு திருத்தம்: "மர இழப்புக்காக" என்பதை எடுத்துவிட்டு "மரத்தின் விலையாக" என்று போடுங்கள். இழப்பு என்றால் 1958 சட்டத்துக்குள் இழுத்துவிடுவார்கள். விலை என்றால் 1908 பக்கம் நிற்கும்.

மலையோர ராஜி

மாற்றிவிட்டேன்.